நிறையும் அங்குலமும்: டீசல் வண்டி இழுவைப் போட்டியின் பிரிவுகளும் விதிகளும்

இல்ல விளையாட்டுப் போட்டியிலே கயிறிழுவை நடைபெறும்போது மைதானத்தைச் சூழ நிற்போர் எழுப்பும் ஆரவாரத்தை அறியாத பழைய மாணவர் இலர். ஓட்டத்திலே கண்ணுக்குத் தோன்றுவது வேகம். கயிறிழுவையிலே தோன்றுவது பலம். ஆனால், பலத்தோடு பலத்தைப் பொருத விடுவதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டுப் பேர் கொண்ட இரு குழுக்களுள் ஒன்று மற்றையதினும் இருநூறு இறாத்தல் கூடியதாயின், சீழ்க்கை ஊதுமுன்னரே முடிவு பாதி தெரிந்துவிடும். ஆதலினாலேயே பெரிய போட்டிகளிற் குழுக்களை நிறுத்துப் பார்த்துப் பிரிப்பர். இங்ஙனம் சமன்செய்யும் கலை மனிதரை விடுத்து இயந்திரத்தின்பாற் செல்லும்போது எத்துணை நுட்பமாகின்றது என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் உழவர் நாட்டில் வழங்கும் டீசல் வண்டி இழுவைப் போட்டி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இப்போட்டியின் வேர் குதிரைகளிலே உள்ளது. தத்தம் குதிரைகளின் வலிமை பற்றித் தருக்கிய உழவர்கள், களஞ்சியத்தின் கதவைக் கழற்றி நிலத்திற் கிடத்தி, அதிற் குதிரையைப் பூட்டி இழுப்பித்தனர் என்பர். கதவு நகர நகர, ஒருவர்பின் ஒருவராக ஆட்கள் அதன்மீது ஏறி நிற்பர். குதிரை ஓய்ந்து நின்ற இடமே அதன் வலிமைக்கு அளவு. 1929ஆம் ஆண்டில் ஒகையோ, மிசூரி ஆகிய மாநிலங்களிற் குதிரைகளின் இடத்தை உழவு இயந்திரங்கள் பிடித்தன. நெடுங்காலம் ஊருக்கொரு விதியாக நடந்த இப்போட்டிக்குப் பொதுவிதி வகுக்கும் நோக்கோடு, 1969இல் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடித் தேசிய உழவியந்திர இழுவையாளர் சங்கத்தை நிறுவினர்.

டீசல் பிக்-அப் வண்டிகள் பெருந்தொகையாகக் களம் புகுந்தது பின்னாளிலேயாம். 1989இல் டொட்ஜ் பிக்-அப் வண்டியில் ஆறு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த கமின்ஸ் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் வலு 160 குதிரைவலுவே. எனினும் கடும் வேலைக்கென்றே வார்க்கப்பட்ட அதன் உடல், பன்மடங்கு வலுவைத் தாங்கவல்லது என்பதை இளைஞர் விரைவிற் கண்டுகொண்டனர். இன்று உயர்பிரிவு வண்டிகள் இரண்டாயிரம் குதிரைவலுவையும் கடக்கும் என்பர்.

இழுக்கப்படும் பொருளையும் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் பனிமேற் செல்லும் சில்லில்லா வண்டியின் பெயராலே அழைப்பர். யான் அதனைச் சறுக்கு வண்டி என்றே எழுதுகின்றேன். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மாணாக்கர் எடுத்துரைப்பாராக. அதன் பின்பக்கம் சில்லுகள் உள. முன்பக்கம் நிலத்தோடு படிந்த அகன்ற இரும்புத் தட்டு உளது. மேலே, தண்டவாளம் போன்ற இரு சட்டங்களின்மீது பாரப்பெட்டி ஒன்று நகரும். புறப்படும்போது பெட்டி பின்சில்லுகளுக்கு நேரே நிற்பதால், வண்டி எளிதில் உருளும். உருளும் சில்லுகளே பற்சக்கரம், சங்கிலி ஆகியவற்றின் வழியாகப் பெட்டியை முன்னோக்கித் தள்ளும். பெட்டி முன்செல்லச் செல்லப் பாரம் சில்லுகளை விட்டுத் தட்டின்மேல் விழும், தட்டு களிமண்ணை அழுத்தும், உராய்வு பெருகும். கதவின்மேல் ஆட்கள் ஏறிய அதே செய்கையைப் பற்சக்கரம் செய்கின்றது, அவ்வளவே. ஏறுவோர் ஒருமுறை விரைந்தும் ஒருமுறை தயங்கியும் ஏறக்கூடும். பற்சக்கரத்திற்கோ ஓரவஞ்சனை இல்லை. முழு இழுவை என்பது வழக்கமாக 300 அடி. ஒருவருக்கு மேற்பட்டோர் அதனை எட்டினால், பாரத்தைக் கூட்டியோ பற்சக்கரத்தை மாற்றியோ மீண்டும் இழுக்கச் செய்வர். தூரத்தை அடியின் நூறில் ஒரு கூறுவரை அளப்பதனால், ஒரு விரல் நீளமும் பரிசை மாற்றிவிடும்.

இனிப் பிரிவுகளுக்கு வருவோம். நம்மூர் மாட்டுவண்டிச் சவாரியிலும் காளைகளைத் தரம் பிரித்தே ஓடவிடுவர். இயந்திரங்களைத் தரம் பிரிக்க நேரிய வழி அவற்றின் குதிரைவலுவை அளப்பது எனத் தோன்றும். ஆயினும் திருவிழா மைதானத்திலே, வரிசையில் நிற்கும் முப்பது வண்டிகளின் குதிரைவலுவை நம்பத்தக்கவாறு அளத்தல் இயலாது. அளக்கும்போது வலுவை ஒளித்துவைத்துப் போட்டியின்போது வெளிவிடவும் கூடும். ஆகவே, தராசுக்கும் அளவுகோலுக்கும் எட்டுகின்றவற்றையே விதி பற்றிக்கொண்டது.

முதலாவது நிறை. சாரதி அமர்ந்திருக்க வண்டியைத் தராசில் ஏற்றுவர். பிக்-அப் பிரிவுகள் பலவற்றிலே எல்லை 8,000 இறாத்தலை ஒட்டியது; பெருஞ்சரக்கு லொறிகளுக்குரிய பிரிவிலே 20,000 இறாத்தல். நிலத்தைப் பற்றும் பிடி நிறையைப் பொறுத்ததாதலின், இவ்வெல்லை இன்றேல் ஏனைய விதிகள் பயனற்றனவாகும். எல்லைக்குள் நின்றுகொண்டு, முன்புறத்தில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டு முன்சில்லுகள் மேலெழாமற் காப்பது மேற்பிரிவினரின் கைத்திறன்.

இரண்டாவது கொளுக்கியின் உயரம். இது பெரும்பாலும் நிலத்திலிருந்து 26 அங்குலத்துக்கு மேற்படலாகாது. கொளுக்கி உயர்ந்திருப்பின் சங்கிலி கீழ்நோக்கிச் சாய்ந்து, சறுக்கு வண்டியின் பாரத்திற் சிறு பங்கைத் தன் வண்டியின் சில்லுகள்மேல் இறக்கும். தராசுக்குத் தெரியாமல் நிறை கூட்டுவதற்கு இஃதொரு வழியன்றோ! அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் வண்டியின் மூக்கு வானத்தை நோக்கும். இழுக்கும்போது கொளுக்கி சிறிதும் அசையலாகாது என்று விதித்ததும் இதனாலேயே.

மூன்றாவதே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, இயந்திரத்தினுள் காற்றைத் திணிக்கும் கருவி. காற்றின் அளவே எரியும் எண்ணெயின் அளவு. எண்ணெயின் அளவே வலு. ஆகவே வலுவை அளப்பதற்குப் பதிலாக, காற்றுப் புகும் வாயின் விட்டத்தை அளக்கின்றனர். 2.5 அங்குலப் பிரிவு, 2.6 அங்குலப் பிரிவு, 3.0 அங்குலப் பிரிவு என்னும் பெயர்கள் இவ்வாயைக் குறித்து வந்தவையே. வாயின் சுவரிற் பள்ளம் வெட்டிப் பக்கவழியாற் காற்று கொள்வாரும் இருத்தலின், துவாரம் வழுவழுப்பாக இருத்தல் வேண்டும் எனவும் விதித்தனர். போட்டி முடிந்ததும் குறித்த பருமனுடைய அளவுக்கட்டையை வாயிற் செலுத்திப் பார்ப்பர். எல்லைப் பருமனை மிஞ்சிய கட்டை உள்ளே நுழைந்துவிட்டால் பரிசு போயிற்று.

இவற்றுக்குக் கீழே, அன்றாடம் வேலைக்குச் செல்லும் வண்டிகளுக்கான பிரிவு உண்டு. அங்கே பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த டர்போவும், வீதியிலோடத் தகுதிபெற்ற டயர்களுமே இருத்தல் வேண்டும். மேலே, ஒன்றுக்கு மேற்பட்ட டர்போக்களை அடுக்கிய உயர்பிரிவு. சங்கத்துக்குச் சங்கம் விதிகள் சிறிது மாறினும் இப்படிமுறை பொதுவானது.

இப்படிமுறையிலே போட்டியின் உயிர் தங்கியுள்ளது. அங்குலத்தை விதி கட்டிப்போட்டதும், அதே அங்குலத்தினூடு மிகுந்த காற்றைச் செலுத்தும் சில்லுகளை வல்லுநர் வடிக்கத் தொடங்கினர். எளிய பிரிவெனத் தொடங்கியது ஈராண்டு மூவாண்டிற் செல்வர் பிரிவாக மாறிவிடும். வாரநாளில் வைக்கோல் ஏற்றும் வண்டியோடு வந்தவன் கடைசி இடத்தைப் பெற்றுத் திரும்புவான். மறு ஆண்டு வாரான். அவன் வாராவிடில், மைதானத்தை நிறைக்கும் அவன் உறவினரும் வாரார். இதனைத் தடுக்கச் சங்கங்கள் புதிய கட்டுப்பாடு போடுவதும், போட்ட கட்டுப்பாட்டாற் பழைய கருவி பயனற்றுப்போன வேறொருவன் குறைகூறுவதும் ஓயாத வழக்கு. என் கருத்து யாதெனின், எல்லோரும் காண ஒரு கட்டையால் அளக்கத்தக்க விதி, குறையுடையதாயினும், நடுவரின் ஊகத்தை நம்பும் விதியினும் மேலானது.

காப்பு விதிகளுக்கு இத்தகைய வழக்கில்லை. அவற்றை எவரும் குறைகூறார். பெற்றோல் இயந்திரத்தை மின்பொறியைத் துண்டித்து நிறுத்தலாம். டீசல் இயந்திரத்துக்குப் பொறியே இல்லை. காற்றை அடைத்தாலன்றி அது நில்லாமலும் போகலாம். ஆதலின் காற்றுவழியை மூடும் கதவொன்று வைத்து, அதன் கம்பியைச் சறுக்கு வண்டியோடு பிணைப்பர். சங்கிலி அறுந்து வண்டி பாய்ந்தால், கம்பி இழுபட்டு மூச்சு அடங்கும். சிதறும் டர்போத் துண்டுகள் புகைக்குழாய்வழி பறவாமல் தடுக்கக் குழாயினுட் குறுக்கும் நெடுக்குமாக இரு முறுக்காணிகள் இருத்தல் வேண்டும். சுழலும் தண்டுகளுக்கு உறை, சாரதிக்குத் தலைக்கவசம், தீயணைகருவி என்பனவும் உள.

களத்திற் சங்கிலி இறுகிய பின்னரே புறப்படலாம். தளரவிட்டு வெட்டி இழுத்தல் ஆகாது. பச்சைக்கொடி காட்டினால் இழுக்கலாம்; செங்கொடி காட்டினால் அக்கணமே நிறுத்தல் வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டினும் நிறைக்கட்டி கழன்று விழினும் தகுதி போய்விடும்.

ஒரு பிரிவில் முதலில் இழுப்பவனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மண்ணின் தன்மையும் சறுக்கு வண்டியின் பாரமும் ஒத்துள்ளனவா என்பது அவன் இழுத்த பின்னரே தெரியவரும். பாரம் பொருந்தவில்லை என நடுவர் கண்டு அதனை மாற்றினால், அவன் மீண்டும் இழுப்பான். மாற்றாவிடினும், தான் எட்டிய தூரத்தை ஏற்பதா, அதனைக் கைவிட்டுப் பின்னர் வந்து இழுப்பதா என்று அவனே தீர்மானிக்கலாம். ஆனால் களத்தை விட்டு நீங்குமுன் சொல்லிவிடுதல் வேண்டும். கைவிட்ட தூரம் மீண்டும் கிடையாது.