புள்ளியும் பெயர்ப்பலகையும்

எழுத்திலக்கணம் கற்பிப்போர் பிறப்பும் மாத்திரையும் நாட்கணக்காக விரித்துரைப்பர். வரிவடிவு வந்ததும் ஒரு மூச்சிற் கடந்துவிடுவர். நன்னூலாரே எல்லா எழுத்தும் பழைய வடிவினவே என்று கூறிவிட்டு, எகர ஒகரங்களுக்கும் மெய்களுக்கும் உரிய புள்ளியை மட்டுமே எடுத்தோதினார். இந்தப் புள்ளியைப் பற்றி நான் மீண்டும் சிந்திக்க நேர்ந்தது ஓர் ஓவிய மாணவியால்.

கொழும்பிலே ஓவியக்கலை பயிலும் என் பழைய மாணாக்கி ஒருத்தி, விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு தாட்சுருளுடன் என்னைக் காண வந்தாள். ஓர் ஊர்ப்பெயரை மும்மொழியிலும் வரைந்து புகையிரத நிலையப் பெயர்ப்பலகையாக்குதல் எழுத்துருவ வகுப்பில் அவளுக்கு இட்ட பயிற்சி. 1874ஆம் ஆண்டிலே இருப்புப்பாதை எட்டிய நம் நாவலப்பிட்டியையே அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

அப்பெயரை எழுத்துக் கண்கொண்டு பாருங்கள். எழுத்து ஏழு. அவற்றுள் இரண்டு புள்ளி பெற்றன; இரண்டு இகரக் கொக்கி பெற்றன. முன்பாதியில் ந, வ, ல என வளைவுகள். பின்பாதியில் ப, ட எனக் கோணங்கள். (1978இல் தமிழ்நாட்டரசு சீர்திருத்திய பதின்மூன்று எழுத்துக்களுள் ஒன்றேனும் இதில் இல்லை, அவ்வழக்கு நமக்கு இங்கே வேண்டா.) சிங்கள வரி முழுவதும் உருண்டோடுகின்றது. ஆங்கிலப் பேரெழுத்துக்களோ ஒரே உயரத்தில் அணிவகுத்து நிற்கின்றன. தமிழுக்குத் தலைக்கு மேலே இடம் வேண்டும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத அவளுடைய விரிவுரையாளர், மூன்று வரியும் ஒரே உயரமாதல் வேண்டும், புள்ளியைச் சிறிதாக்கி எழுத்தோடு ஒட்டுக என்றாராம். அவளும் அவ்வாறே செய்திருந்தாள். ஆயினும் மனம் அமையாமல், "ஐயா, புள்ளியைச் சுருக்க இலக்கணம் இடங் கொடுக்குமோ?" என்று கேட்டாள்.

"அளவைப் பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை. மெய் புள்ளியோடு நிற்கும் என்றார். நிற்பது கண்ணுக்குத் தெரியவேண்டாமோ?" என்றேன்.

ஓலையிலே புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஏட்டைத் துளைக்கும் என்று காரணங் கூறுவர். மெய் எது, உயிர்மெய் எது, குறிலெது, நெடிலெது என்று தெளியப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைச் சாமிநாதையரின் வாழ்க்கை வரலாறு படித்தோர் அறிவர். எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியது. கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி பதினாறு பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய காலந்தொட்டு, நம் எழுத்தை உலோகத்தில் அடக்குவது பெரும்பாடாகவே இருந்துவந்தது. ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், அவ்விடத்திலேயே சிறியன வார்க்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் நாவலர் 1849இல் அச்சுக்கூடம் நிறுவிப் பிழையற்ற பதிப்புக்களைத் தந்தார்.

இன்று உலோகமும் இல்லை, அச்சுக்கோப்பவரும் அருகினர். கணினி தமிழ் மெய்யைப் படைக்கும் முறை நம் இலக்கணத்துக்குத் தலைகீழானது: அகரமேறிய உயிர்மெய்யை முதலில் வைத்து, அதன்மேற் புள்ளியைச் சேர்க்கின்றது! எனினும் அக்கணினியிலேயே நல்ல எழுத்துருக்கள் பிறக்கின்றன. நம் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் பவனம், கவிவனார் என்பவற்றை அமைத்தார். பிரியா இரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது தடிப்பளவுகளில் வந்தது. தமிழை வாசிப்பவர் வரைந்த எழுத்து என்பது பார்த்தமாத்திரத்தே புலனாகின்றது.

மாணவியின் தாளில் வேறொரு குறையும் இருந்தது. பகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே கொக்கியை வெட்டி ஒட்டியிருந்தாள். பகர இகரத்தில் கொக்கி வலக்காலின் உச்சியிலிருந்து கிளைக்கும். டகர இகரத்தில் அடிக்கோடே வலப்புறம் எழுந்து வளையும். சுட்டிக்காட்டியதும் புரிந்துகொண்டாள், நல்ல கண் அவளுக்கு.

மறுவாரம் இரு தாள்கள் கொணர்ந்தாள். ஒன்று பழையது. மற்றதில் தமிழ் வரியின் உடல் சிறிது குறைந்து மேலே வெளி கூடியிருந்தது. புள்ளி நிமிர்கோட்டின் அகலம் பெற்றிருந்தது. எங்கள் பாடசாலை நடைக்கூடத்தின் கோடியில் இரண்டையும் தொங்கவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மறுகோடியிலிருந்து வாசிக்கச் சொன்னோம். இரண்டையும் தடையின்றி வாசித்தனர். அவள் முகம் வாடிற்று.

"அவர்கள் வாசித்தது தங்கள் ஊரை, எழுத்தையன்று. அறியாத பெயரொன்றை எழுது" என்றேன்.

இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொலவை இருவகையிலும் எழுதினாள். பழைய முறையில் எழுதியதைக் கண்ட பிள்ளைகள் "பட... படடி..." என்று தடுமாறினர். ஒரு சிறுவன் நான்கடி முன்னே வந்து கண்களை இடுக்கினான். புதியதை நின்ற இடத்திலிருந்தே வாசித்தான்.

நாவலப்பிட்டியைச் சுருட்டி வைத்துவிட்டு, பட்டிப்பொலவையே வகுப்புக்குக் கொண்டு சென்றிருக்கின்றாள், இரு தாள்களையும்.