வீட்டில் குளியல் பொடி, லோஷன் தயாரிக்கும் தொழில்

குளியல் பொடி, உடல் ஸ்கிரப், லோஷன் ஆகியவற்றை வீட்டளவில் தயாரித்து விற்பது குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய சிறுதொழில்களுள் ஒன்றாகும். குளியல் பொடி (நலங்கு மாவு) உலர்ந்த பொடி. ஸ்கிரப் என்பது அரிசி மாவு, சர்க்கரை போன்ற துகள்களால் தோலின் இறந்த செல்களைத் தேய்த்து நீக்கும் பொருள். லோஷன் என்பது எண்ணெயும் நீரும் கலந்த பால்மம். இம்மூன்றும் ஒரே தொழிலாகத் தோன்றினாலும் இவற்றைப் பிரிப்பது நீர். நீர் சேராத பொருளை வீட்டில் செய்வது எளிது. நீர் சேர்ந்துவிட்டால் அது வேதியியல் அறிவும் சோதனையும் கேட்கும் தொழிலாகிவிடுகிறது.

காவிரிப் படுகையில் கிடைக்கும் மூலப்பொருள்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டித் தை மாதத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது வழக்கம். இப்பயறு அறுவடையாகும் பங்குனி, சித்திரையில் வெயிலும் கடுமையாக இருக்கும். எனவே குளியல் பொடிக்கான பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ ஆகியவற்றைக் காயவைக்க இதுவே ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிபிடிக்கும். பூஞ்சையும் வண்டும் வரும். மழைக்காலத் தேவைக்கான பொருளை முன்பே காயவைத்துக் காற்றுப்புகாத கலங்களில் அடைத்து வைக்க வேண்டும்.

நெல் அரைவையில் கிடைக்கும் தவிட்டை ஸ்கிரப்பில் சேர்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அரைத்த உடனேயே தவிட்டில் உள்ள நொதி அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால் சில நாள்களில் சிக்குவாடை வீசும். அரிசி மாவே பாதுகாப்பானது. அதையும் மெல்லிய துணியில் சலித்து (வஸ்திரகாயம் செய்து) பயன்படுத்த வேண்டும். கரகரப்பான துகள் தோலைக் கீறிவிடும்.

பொடியை மாவு மில்லில் அரைப்போர், அதே இயந்திரத்தில் முன்னர் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஒட்டியிருக்கும் மிளகாய்த் தூள் குழந்தையின் உடம்பில் எரிச்சலை உண்டாக்கப் போதுமானது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் தேங்காய் எண்ணெய் எளிதில் கிடைக்கிறது. ஆனால் இவ்வெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் சர்க்கரையும் எண்ணெயும் கலந்த ஸ்கிரப்பில் சர்க்கரை அடியில் தங்கி எண்ணெய் மேலே நிற்கும். சிறிதளவு தேன்மெழுகு சேர்த்தால் பிரியாமல் இருக்கும். ஈரக்கை பட்டால் இதுவும் கெடும் என்பதால் உலர்ந்த கரண்டி ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

லோஷன் ஏன் வேறு?

லோஷனில் பெரும்பங்கு நீர்தான். எண்ணெயையும் நீரையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, பால்மமாக்கி சேர்த்துக் கலக்கினால் லோஷன் உருவாகும். நீர் இருக்குமிடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும். நிறமும் மணமும் மாறுவதற்கு முன்பே பெருகிவிடும். ஆகவே அனுமதிக்கப்பட்ட பதனப்பொருளை (எ.கா. பீனாக்சிஎத்தனால், 1 விழுக்காட்டுக்கு மிகாமல்) சேர்த்தே ஆக வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. பச்சைக் கற்றாழைச் சோறு, தேங்காய்ப்பால் சேர்த்த கலவைகள் விரைவில் கெடும். அவை அன்றன்று வீட்டுப் பயன்பாட்டுக்கே உரியவை.

இயற்கைப் பொருளும் தீங்கு செய்யலாம்

சில குளியல் பொடிகளில் சேர்க்கப்படும் கார்போக அரிசியில் சோரலன் என்னும் சேர்மம் உள்ளது. இது தோலில் பட்டபின் வெயிலில் சென்றால் சிலருக்குக் கொப்புளமும் கருமையும் ஏற்படும். எலுமிச்சைச் சாற்றிலும் இதே வகைச் சேர்மங்கள் உண்டு. வயலிலும் வெளியிலும் வேலை செய்வோர் வாங்கும் பொருளில் இவற்றைத் தவிர்ப்பதே முறை. எந்தப் பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, 24 முதல் 48 மணி நேரம் பார்த்த பிறகே பயன்படுத்துமாறு வாங்குவோருக்குச் சொல்ல வேண்டும்.

உரிமம்

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, உடலைத் தூய்மை செய்யவோ அழகுபடுத்தவோ தேய்க்கும் பொருள் அழகுசாதனமாகும். குளியல் பொடியும் இதில் அடங்கும். விற்பனைக்காகத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்கீழ் சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சிஓஎஸ்-8 உரிமம் பெற வேண்டும். குடியிருக்கும் அறைகளிலிருந்து பிரிந்த தனி இடமும், மருந்தியல் பட்டயம் பெற்ற அல்லது வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு மேல்நிலைத் தேர்ச்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையும் தேவை. தனி இடம் இல்லாதோர், உரிமம் பெற்ற வேறொருவரின் கூடத்தில் தயாரிக்கக் கடன் உரிமம் (சிஓஎஸ்-9) பெறலாம்.

உதயம் பதிவுச் சான்று இந்த உரிமத்துக்கு ஈடாகாது. தேமல் போகும், படை குணமாகும் என்று அச்சிட்டால் அப்பொருள் மருந்தாகக் கருதப்பட்டு வேறு உரிமம் தேவைப்படும்.

உறையின்மேல் பொருளின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள்கள், நிகர எடை, தயாரித்த மாதம், பயன்படுத்தவேண்டிய இறுதி மாதம், அதிகபட்ச விலை ஆகியன இருக்க வேண்டும்.

விலைக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 10 கிலோ மூலப்பொருள் வாங்கி, காய்ந்து சலித்தபின் 9 கிலோ பொடி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் வீதம் 90 உறைகள் ஆகும்.

மூலப்பொருள்: ரூ.2,000
அரைவைக் கூலி, போக்குவரத்து: ரூ.300
உறை, லேபிள்: ரூ.900
இரண்டு நாள் உழைப்பு: ரூ.1,000
மொத்தம்: ரூ.4,200

ஓர் உறையின் அடக்கவிலை ரூ.46.67. உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவருக்கு இது ரூ.35.56 என்றே தெரியும். அவர் கடைக்கு ரூ.45க்குக் கொடுத்து ரூ.850 லாபம் என்று மகிழ்வார். உண்மையில் தம் இரண்டு நாள் கூலியிலேயே ரூ.150 இழந்திருப்பார். உரிமக் கட்டணம், ஆய்வகச் சோதனை, கடைக்காரர் கழிவு ஆகியவற்றையும் சேர்த்த பிறகே விலை வைக்க வேண்டும்.

தொடங்கும் முறை

முதலில் உலர்ந்த குளியல் பொடி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து உரிமத்துடன் தொடங்கலாம். ஒவ்வொரு தொகுதியிலும் எந்தப் பொருள், எங்கு வாங்கியது, எவ்வளவு, எந்த நாள் என்று ஏட்டில் குறித்து, ஓர் உறையை விற்காமல் எடுத்துவைக்க வேண்டும். யாருக்காவது அரிப்பு ஏற்பட்டால் காரணத்தைக் கண்டறிய இதுவே உதவும். அடுத்து எண்ணெய் ஸ்கிரப்பைச் சேர்க்கலாம். லோஷனை, பயிற்சி பெற்று, ஆய்வகத்தில் நுண்ணுயிர்ச் சோதனை செய்வித்த பின்னரே விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடனுதவி பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 2022இல் ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதில் ஊரகப் பகுதிப் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் உண்டு.