வேகத்தில் முந்தும் மாக்கோ சுறா. பெருக்கத்தில் பிந்துவதே சிக்கல்

புது தில்லி: சுறா இனங்களிலேயே மிக வேகமாக நீந்துவது மாக்கோ. அதைக் காக்க உலக நாடுகள் வகுத்த விதிகள் இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டன. ஆனால், அவற்றின் பொருள் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்துக்குத் தெளிவாகச் சென்று சேர வேண்டியுள்ளது.

பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். மாக்கோவோ தசைகளில் உண்டாகும் வெப்பத்தை, பின்னிப் பிணைந்த ரத்தக் குழாய்களின் உதவியால் உடலுக்குள்ளேயே தக்கவைத்துக்கொள்கிறது. சூரை மீனை விரட்டிப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு இவ்வாறே கிடைக்கிறது.

ஆனால், இனப்பெருக்கத்தில் இந்த வேகம் இல்லை. பெண் சுறா பருவமடைய ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகும். கருக்காலம் 15 முதல் 18 மாதங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுவதாகக் கருதப்படுகிறது. பிடிபடும் வேகத்துக்கு இது ஈடாகாததால், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் மாக்கோவை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய 'சைட்டஸ்' மாநாடு, அதன் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்தது.

இந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தவே 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தன. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் அமலில் உள்ளது.

தூத்தூர் வட்டார மீனவர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு அரபிக் கடலில் வெகுதூரம் சென்று தூண்டில் போடுபவர்கள். சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். சூரைக்குப் போட்ட தூண்டிலிலும் மாக்கோ சிக்கும். 'சைட்டஸ்' இரண்டாம் பட்டியல் மீன்பிடிப்புக்குத் தடை விதிப்பதல்ல. ஏற்றுமதிக்கு அனுமதி கோருவது. அதே நேரத்தில், 200 கடல் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் உட்படாத கடலில் பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவரவும் அந்த ஒப்பந்தப்படி சான்று தேவை.

2001 ஜூலையில் எல்லா சுறா, திருக்கை இனங்களையும் பிடிக்க மத்திய அரசு தடை விதித்தது. மீனவர்களின் எதிர்ப்பால் டிசம்பரிலேயே தடை சில இனங்களுக்கு மட்டும் எனச் சுருங்கியது. மீனவரைக் கலக்காமல் தலைநகரில் எடுக்கும் முடிவு கடலில் நிலைக்காது என்பதே அந்த ஆண்டின் பாடம். எந்தச் சுறாவுக்குத் தடை, எதற்கு அனுமதிச் சீட்டு என்பதை மீன் இறங்குதளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லாதவரை, சட்டம் காகிதத்திலேயே நிற்கும்.