ஆறாத புண்ணும் ஏறாத கணக்கும்

சத்திரசிகிச்சைப் புண்ணிற் கிருமி தொற்றுதல் மருத்துவத்துறைக்குரிய விடயமென்பர். எனினும், எந்தத் தொற்று பதிவேட்டில் ஏறுகின்றது, எது ஏறாது போகின்றது என்பது சமூகவியல் வினாவாகும். அதனையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ், இரு பிரசவ விடுதிகளின் மரணங்களை எண்ணி ஒப்பிட்டதனாலேயே, வைத்தியரின் கைகளே நோயைக் காவுகின்றன எனக் கண்டார். எண்ணப்படாதது திருத்தப்படுவதில்லை. அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், 1867 இல் சத்திரவைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். லிஸ்ரர் தமது கிருமியகற்றும் முறையை உலகறியச் செய்ததும் அவ்வாண்டிலேயாம். மிசனின் நோக்கங்கள் யாவையாயினும், மக்கள் மொழியில் மருத்துவம் கற்பிக்கலாமென்பது அன்றே நிறுவப்பட்டது.

இன்று நோயாளர் சில நாட்களில் வீடு திரும்புகின்றனர். தொற்றோ பல வேளைகளில் அதன் பின்னரே வெளிப்படுகின்றது. ஆகவே 30 நாட்களும், உடலினுட் செயற்கைப் பொருள் பொருத்தப்படும் சில சிகிச்சைகளில் 90 நாட்களும் கண்காணித்தல் வேண்டுமென்பது சர்வதேச நியமமாகும்.

நெடுந்தீவுக் கடற்றொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சீழ் கண்டதும் அவர் படகேறிக் குறிகாட்டுவானை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் வரவேண்டும். அன்றைய உழைப்பு இல்லை. எனவே அருகிலுள்ள மருந்தகத்திற் குளிசை வாங்கிக்கொள்கின்றார். வைத்தியசாலைக் கணக்கில் அவர் குணமடைந்தவரே. திரும்பி வராதோர் அனைவரையும் நலமுற்றோராகக் கொள்ளின் தொற்று வீதம் பொய்யாகவே குறையும். கணக்கில் விடுபடுவோருட் பெரும்பாலார் வறியோர் என்பதே இங்கு முக்கியமானது. தொற்று வெளிப்பட்டாலோ, பழி அவர்தம் ‘சுத்தமின்மை’ மீதே சுமத்தப்படும். சத்திரசிகிச்சைக் கூடம் வினாவுக்குள்ளாவதில்லை.

இதற்கு வழி நம்மிடமே உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் பிரசவித்த தாயரை வீடு சென்று பார்க்கின்றனர். வயிறு கீறிப் பிள்ளை பெற்றவரின் புண்ணும் அவர் கண்ணிற் படுகின்றது. இவ்வொழுங்கை ஏனைய சத்திரசிகிச்சைகளுக்கும் விரித்தல் தகும். குறித்த நாளிற் தொலைபேசியில் அழைத்து, சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல், தையல் விடுதல் உண்டா என ஒரே வகை வினாக்களைத் தமிழிற் கேட்கலாம். இயல்பான சிவப்பையும் தொற்றெனச் சொல்வோர் இருப்பராதலின், ஐயமானவற்றை நேரிற் பார்த்தே பதிதல் வேண்டும். எனினும், ஆளணியைக் கூட்டாது இப்பணியை ஏற்கெனவே சுமை மிக்க பெண் ஊழியர் தலையில் ஏற்றுவது இன்னொரு சுரண்டலாகவே முடியும்.

நோயாளர் கையிற் கொடுபடும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. தன் புண்ணைப் பற்றிய அறிவு தனக்கே எட்டாத நிலை நீடிக்கும்வரை, இலவச மருத்துவம் என்பது வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடும் உரிமையாகவே இருக்கும்.