பதினோராவது குரோமோசோமில் ஓர் எழுத்து

மாணவர்களே, நான்காம் படிவத்தில் தாதியர் பள்ளிக்கு வந்து உங்கள் கையிலிருந்து இரத்தம் எடுத்தது நினைவிருக்கிறதா? அதுதான் தலசீமியா பரிசோதனை. 2016 முதல் நாடு முழுவதும் நான்காம் படிவ மாணவர்களுக்கு இது நடத்தப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சாஆவில், ஒரு மாணவி பள்ளி முடிந்ததும் தனியாக என்னிடம் வந்தாள். கையில் ஒரு கடிதம். 'ஹீமோகுளோபின் ஈ பெம்பாவா' என்று அதில் இருந்தது. "டீச்சர், எனக்கு நோயா? அது உடம்பில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். பெம்பாவா என்றால் மாறிய மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்லர். இரண்டாம் கேள்விக்கு ஆய்வகக் கணினியைத் திறந்தேன். நீங்களும் திறங்கள்.

மரபணு வரைபடம்

கூகுள் வரைபடத்தில் சாஆ என்று தேடினால் ஊர் தெரிகிறது. பெரிதாக்கினால் தெருவும் தெரிகிறது. மனித டிஎன்ஏவுக்கும் அப்படி ஒரு வரைபடம் இணையத்தில் உண்டு. அதன் பெயர் ஜீனோம் பிரவுசர். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், சாந்தா குரூஸ் வளாகத்தார் 2000ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று மனித ஜீனோமின் முதல் வரைவை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். அவர்களது 'யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்' இன்றும் இலவசம்தான்; பதிவும் தேவையில்லை. ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் அதே திரையை நாமும் பார்க்கலாம்.

தேடிப் பார்ப்போம்

அத்தளத்தில் மனித ஜீனோமைத் தேர்ந்தெடுங்கள். 'எச்ஜி38' என்ற பதிப்பு போதும். தேடல் கட்டத்தில் எச், பி, பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா பகுதியைத் தயாரிக்கும் மரபணு இது. இருப்பிடம் பதினோராவது குரோமோசோம். ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ள ஜீனோமில் இதன் நீளம் சுமார் 1,600 எழுத்துகள் மட்டுமே.

திரையில் மூன்று தடித்த கட்டங்களும் அவற்றை இணைக்கும் மெல்லிய கோடும் தெரியும். கட்டங்கள் எக்சோன்கள், கோடு இன்ட்ரோன். செல் இன்ட்ரோனை வெட்டி எறிந்துவிட்டு எக்சோன்களை ஒட்டிக்கொள்கிறது. கோட்டிலுள்ள அம்புகள் இடப்பக்கம் காட்டுகின்றன அல்லவா? இந்த மரபணுவை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

இப்போது பத்து மடங்கு சிறிதாக்கும் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். வலப்பக்கம் இதன் உறவினர்கள் தெரிவார்கள். வலக்கோடியில் உள்ள உறவினர் கருவின் முதல் வாரங்களில் வேலை செய்பவர். அடுத்த இருவர் பிறக்கும்வரை. இடக்கோடியில் நம் எச்பிபி, பிறந்த பிறகு. வளரும் வரிசையிலேயே மரபணுக்கள் நிற்கின்றன!

அந்த ஓர் எழுத்து

தேடல் கட்டத்தில் ஆர், எஸ் என்ற சிறிய ஆங்கில எழுத்துகளை அடுத்து, இடைவெளி விடாமல் 33950507 என்று தட்டுங்கள். பிறகு எழுத்துகள் தெரியும்வரை பெரிதாக்குங்கள். மாணவி தேடிய இடம் இதுதான். இங்கே 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ' வந்தால் அது ஹீமோகுளோபின் ஈ.

இரண்டு இடங்களில் குழப்பம் வரும். திரையில் 'ஜி' தெரியாது, 'சி' தெரியும். காரணம், திரை காட்டுவது எதிர் இழையை. 'ஜி'க்கு இணை 'சி' அல்லவா? அடுத்து, புத்தகங்களில் 26ஆம் அமினோ அமிலம் என்று இருப்பது இங்கே 27 ஆகும். தொடக்கத்தில் வரும் மெத்தியோனினையும் கணினி எண்ணிவிடுகிறது.

இந்த ஓர் எழுத்து மாறினால் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் லைசின் வரும். எங்கே வெட்டவேண்டும் என்பதிலும் செல்லுக்குக் குழப்பம் ஏற்பட்டு, புரதம் குறைவாகவே தயாராகும். ஈ சுமப்பவரும் பீட்டா தலசீமியா சுமப்பவரும் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களில் சிலருக்கு வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றவேண்டி வரலாம். பதினாறு வயதிலேயே பரிசோதிப்பது இதற்காகத்தான்.

ஒன்றை மறக்கவேண்டாம். திரையில் இருப்பது உங்கள் டிஎன்ஏ அன்று. பலருடைய டிஎன்ஏவிலிருந்து தொகுத்த பொது வரைபடம். உங்களுடையதைச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான்.

நம் ஊர்ச் செம்பனை

நம்மைச் சுற்றி நிற்கும் செம்பனைக்கும் இப்படி வரைபடம் உண்டு. டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, டாக்டர் ரஜிந்தர் சிங் உள்ளிட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். கொட்டையின் ஓடு தடிப்பதும் மெலிவதும் ஒரே மரபணுவைப் பொறுத்தது என்றும், அங்கேயும் ஓர் எழுத்து மாறினாலே போதும் என்றும் கண்டார்கள். மெல்லிய ஓட்டு மரம் சுமார் 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தருகிறது.

அன்று அந்த மாணவி திரையைப் பார்த்து, "இவ்வளவு சின்னதா டீச்சர்?" என்றாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உங்களுக்கு ஒரு வேலை: அதே ஆர், எஸ் எழுத்துகளை அடுத்து 334 என்று தேடுங்கள். அந்த ஓர் எழுத்து மாறினால் வரும் நோய் எது? எத்தனையாவது அமினோ அமிலம்? எண்ணும்போது மெத்தியோனினை மறந்துவிடாதீர்கள்!