முழங்கால் நாரும் சத்திரசிகிச்சையும்

கண்டி நித்தவளை மைதானத்தில் றகர் ஆடும் இளைஞர் ஓட்டத்தின் நடுவே சடுதியாகத் திரும்புங்கால், சிலர்க்கு முழங்காலினுள்ளே ‘படக்’கென்று ஓர் ஒலி எழும், சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவை நார் அறுந்தமைக்கு இவை அறிகுறியாகலாம்.

உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடின் கால் உதவாது என்று பலர் அஞ்சுவர். சுவீடன் தேசத்தில் இளவயதினர் 121 பேரிடம் நடத்தப்பெற்று, 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அவ்வச்சத்தைத் தணிக்கின்றது. ஒரு சாரார் விரைவிலேயே சத்திரசிகிச்சை பெற்றனர். மறுசாரார் முதலில் தேகப்பயிற்சி செய்தனர். ஐந்தாண்டின் பின் இரு சாராரின் நிலையும் ஏறக்குறைய ஒத்திருந்தது. பயிற்சியில் தொடங்கியோருள் பாதிப்பேர் வரையில் சத்திரசிகிச்சையின்றியே இருந்தனர்.

ஆதலின், முழங்கால் மடக்கவோ நீட்டவோ இயலாது இறுகி நின்றால் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். ஏனையோர் அவருடைய ஆலோசனைப்படி வீக்கத்தைத் தணித்து, தொடைத்தசைகளைச் சில மாதம் வலுப்படுத்திய பின் முடிவு செய்யலாம். மலைச்சரிவிலும் படிகளிலும் கால் அடிக்கடி நழுவினால் சத்திரசிகிச்சை நலம் தரும். அதன் பின்னும் ஒன்பது மாதம் நிரம்புமுன் ஆட்டத்துக்குத் திரும்புவோர்க்கு மறுபடியும் காயம் நேரும் அபாயம் அதிகம். கத்தி செய்வது பாதி. பொறுமையான பயிற்சி செய்வதே மறுபாதி.