தேய்வது மூட்டு மட்டும்தானா?

எங்கள் ஆம்பூர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். "உட்கார்ந்தா எழுந்துக்க முடியல, எழுந்தா உட்கார முடியல!" உடனே பக்கத்தில் இருப்பவர், "மூட்டுத் தேய்மானம், வயசானா அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அப்புறம் தைலம், வெந்நீர் ஒத்தடம், முழங்காலுக்கு உறை. என் மாமியாருக்கும் எல்லாம் நடந்தது. அவருக்குக் கோளாறு மூட்டில் இல்லை, தொடைச் சதையில் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மற்ற சகோதரிகளுக்கும் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

அத்தைக்கு 66 வயது. 25 வருஷத்துக்கு மேல் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்தவர். ஏஜென்ட் கொண்டு வந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. காலைச் சமையலை முடித்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் இப்படி வீட்டிலேயே தைக்கும் பெண்கள் நிறைய. நான் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். காலையில் பஸ் வந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வந்ததும் சோறு போடுவது எல்லாம் அத்தைதான்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டது, ஆனால் கக்கூசில் குந்தினால் எழ முடியவில்லை. கதவைத் தாழ் போடாமல் போக ஆரம்பித்தார். "சாவுக்குப் பயமில்லம்மா. ஒருத்தர் வந்து தூக்கி விடணுமேன்னுதான் பயம்" என்றார். என் வீட்டுக்காரர், "நீ வேலையை விட்டுடு" என்றார். வீட்டுக்கடன் பாதி நிற்கிறது, எப்படி விடுவது?

வேலூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். அத்தை அழுத்திய அழுத்தில் அவரே சிரித்துவிட்டார். ஊசியும் நூலும் இழுத்த விரல்களாச்சே! பிறகு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். ஆசிய மருத்துவர்கள் குழு 2019-ல் சொன்ன கணக்குப்படி இதை 12 நொடிக்குள் முடிக்க வேண்டும். அதே கணக்கில் பெண்களின் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் குறையக்கூடாது. அத்தை கையில் பாஸ், காலில் ஃபெயில். 21 நொடி ஆயிற்று. வேலை கொடுத்த சதை நின்றது, கொடுக்காத சதை போய்விட்டது.

அந்தப் பெண் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சதை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. இதில் நிதானமாக, நெடுநேரம் உழைக்கும் இழை ஒரு வகை. சட்டென்று வேகமாக இழுக்கும் இழை இன்னொரு வகை. வயதாக ஆக அதிகம் மெலிவது இந்த வேக இழைதான். தடுக்கி விழப்போகும்போது காலை முன்னால் எட்டிப் போட்டுத் தாங்குவது அதன் வேலை. வயதானவர்கள் சின்னத் தடுக்கலுக்கும் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். சதைக்கு உத்தரவு கொண்டுவரும் நரம்புகளும் குறைகின்றன. இழைகளுக்கு இடையே கொழுப்பு படிகிறது. அதனால் பார்வைக்குத் தொடை அப்படியே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. முப்பது, நாற்பது வயதிலேயே மெல்லத் தொடங்கும் இது அறுபதுக்கு மேல் வேகமெடுக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இன்னும் கூடும். 1989-ல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். 2016-ல்தான் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்தது.

படுக்கை இதற்குப் பெரிய எதிரி. 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அறுபது வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். காலிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டதாம்! அத்தை படுத்ததும் அதே பத்து நாள்தான். "நீ ஓய்வெடு" என்று நாம் அன்பாகச் சொல்வது சில சமயம் வினையாகிறது.

போன சதை திரும்புமா? திரும்பும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 90 வயதானவர்களுக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் வெளியான முடிவின்படி கால் பலம் இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. இரண்டு பேர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் வேலூரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாரே! 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். நரம்பு செத்து மடங்கிப்போன விரலுக்கு வேறொரு நல்ல தசையின் நாணை மாற்றித் தைத்து, பயிற்சியால் அந்தத் தசைக்குப் புது வேலை பழக்குவார்கள். டாக்டர் பால் பிராண்ட் இங்கே வளர்த்தெடுத்த முறை அது. சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் தொடங்கியதும் மேரி வர்கீஸ் முயற்சியால்தான்.

அத்தைக்குச் சொன்ன பயிற்சி சுலபம். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பழகியபின் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே செய்வது. நடந்தால் போதாதா என்று கேட்டேன். நடை நெஞ்சுக்கு நல்லது, ஆனால் சதை வளரப் பாரம் வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும் என்றார்.

சாப்பாட்டைக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் துண்டெல்லாம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், அத்தைக்குக் குழம்பு! எந்த வீட்டில்தான் இது இல்லை? வயதானவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டுமாம். 50 கிலோ அத்தைக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் வரும். இப்போது காலையில் முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, மாலையில் சுண்டலோ கடலையோ, ராத்திரி பால். டின்னில் விற்கும் பவுடர் எங்கள் பட்ஜெட்டுக்குக் கட்டாது, தேவையும் படவில்லை.

மூன்று மாதத்தில் 21 நொடி 14 ஆகியிருக்கிறது. கக்கூஸ் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்தோம். மேஸ்திரி கூலியோடு ஒரு நாளில் முடிந்தது. இப்போது அத்தை தாழ் போட்டுக்கொண்டுதான் போகிறார். நானும் கம்பெனி பஸ்ஸை விடவில்லை.

இருதயக் கோளாறு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பயிற்சியில் இறங்க வேண்டாம். சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் தொடை லேசாக வலித்தால் பயமில்லை. மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

– ஒரு வாசகி, ஆம்பூர்